பூங்காவில் பாதை நேராக இருக்கட்டுமா, வளையட்டுமா?

கேள்வி, மார்ச் 3

எங்கள் குடியிருப்புக்குப் பக்கத்துப் பூங்காவைப் புதுப்பிக்கப் போகிறார்கள். கேட்டில் வரைபடம் ஒட்டியிருந்தது, பார்த்தேன். முழுக்க வளைவு வளைவாகப் பாதை. எனக்கு இது வெறும் அழகுக்குப் போட்டதாகத்தான் படுகிறது. இந்தக் கேட்டிலிருந்து அந்தக் கேட்டுக்குப் போகிறவர் எப்படியும் புல்லை மிதித்துக் குறுக்கேதான் போவார். பேசாமல் நேராகவே போட்டுவிட்டால் என்ன? அண்ணா, நீங்கள் இந்த விஷயத்தில் அலைந்தவர், சொல்லுங்கள்.

மார்ச் 3, இரவு

நேராகவே போடச் சொல்லுங்கள் தம்பி. இன்னும் ஒரு படி மேலே போகிறேன். ஒரு வருடத்துக்குப் பாதையே போடாமல் புல்லை மட்டும் விடட்டும். எங்கே தேய்கிறதோ அங்கே பாதை போட்டால் போதும். ஒற்றையடிப் பாதை பொய் சொல்லாது.

மார்ச் 4

நேற்று அவசரத்தில் எழுதிவிட்டேன். "நாலு பேர் நடந்தால் புல் செத்துவிடுமா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சாகும். மிதிபட்டு மட்டும் இல்லை. மண்ணுக்குள் காற்றும் நீரும் நிற்கிற சின்னச் சின்ன இடுக்குகள் உண்டு. காலடி விழ விழ அவை அமுங்கிப்போகும். அதற்கப்புறம் மழை பெய்தாலும் தண்ணீர் உள்ளே இறங்காது, வேருக்கு மூச்சு முட்டும். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்கிறோம். மண்ணுக்கு அவ்வளவு காலம்கூட வேண்டாம்.

நான் நடக்கிற பூங்காவின் கிழக்கு மூலையில் இப்படி ஒரு தடம் இருக்கிறது. மழை விட்ட மறுநாள் காலையில் குனிந்து பார்த்தேன். தடத்தின் நடுவில் தண்ணீர் விரல் ஆழத்துக்கு அப்படியே நிற்கிறது. ஒரு முழம் தள்ளி, புல் இருக்கிற இடத்தில், மண் ஈரத்தைக் குடித்துப் பொதபொதவென்று கிடக்கிறது. தேங்கிய தண்ணீரைப் பார்த்ததும் அடுத்து வருகிறவர் ஓரமாக ஒதுங்கி நடக்கிறார். அந்த ஓரமும் அமுங்குகிறது. அதற்கடுத்தவர் இன்னும் ஒதுங்குகிறார். ஒரு அடி அகலத்தில் தொடங்கியது இப்போது மூன்று பேர் சேர்ந்தாற்போல் நடக்கிற அகலத்துக்கு வந்துவிட்டது. சரியான இடத்தில் பாதை போட்டால் மீதிப் புல்லாவது பிழைக்கும். நான் நேற்றுச் சொல்ல வந்தது அதுதான்.

மார்ச் 7

மூன்றாம் தேதி எழுதியதை அப்படியே கொண்டுபோய் யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். மூன்று நாளாக மனது கேட்கவில்லை, என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

ஆறேழு வருடத்துக்கு முன் இதே பூங்காவில் வேறொரு குறுக்கு வழி இருந்தது. பஸ் நிறுத்தத்துப் பக்கத்துக் கேட்டிலிருந்து பின் கேட்டுக்கு, நடுத் திடலைக் கோணலாக வெட்டிக்கொண்டு போகும். அதற்குக் கான்கிரீட் போடச் சொல்லி வீடு வீடாக ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கினவன் நான். போட்டுக் கொடுத்தார்கள். அடுத்த மழையில் செருப்பில் சேறு ஒட்டாமல் நடந்தபோது பெருமையாகத்தான் இருந்தது.

கொஞ்ச நாளில் சைக்கிளும் பைக்கும் அதில் வேகம் எடுக்க ஆரம்பித்தன. நேர்ப்பாதை, வழுவழுப்பான தரை, எதிரே வருகிறவர் தூரத்திலேயே தெரிகிறார். வேகம் தானாக வருகிறது. பந்து விளையாடிய பிள்ளைகள் திடலின் நடுவிலிருந்து மூலைக்குப் போனார்கள், பிறகு வருவதையே நிறுத்தினார்கள். ஒரு பெரிய திடல் இரண்டு முக்கோணமாகிவிட்டது. இரண்டிலும் எதுவும் செய்ய முடியவில்லை. பாதைக்காகத் தோண்டியபோது பக்கத்து மரத்தின் வேர்களை வெட்டியிருந்தார்கள். மரம் தண்ணீர் உறிஞ்சுகிற நுண்வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில், ஓரிரு அடி ஆழத்துக்குள்ளேயே பரவியிருக்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. இரண்டு வருடத்தில் உச்சிக் கிளைகள் காய ஆரம்பித்தன.

வழி கேட்ட கால்கள் நியாயமாகத்தான் கேட்டன. ஆனால் அவ்வளவும் பஸ் பிடிக்க ஓடுகிற கால்கள். சாயங்காலம் அந்தத் திடலில் சும்மா உட்கார்ந்திருந்தவர்கள் எந்தத் தடமும் போடவில்லை. அதனால் கையெழுத்து வாங்கும்போது அவர்கள் என் கண்ணிலேயே படவில்லை.

மார்ச் 8

"அப்படியானால் வளைவுதானா? ஒரு பக்கமாகச் சொல்லுங்கள்" என்கிறீர்கள். இரண்டும் வேண்டும், ஆனால் ஒன்றின் மேல் ஒன்று ஏறக்கூடாது. கடந்து போகிறவருக்கு ஒரு வழி, இருக்க வருகிறவருக்கு ஒரு வழி.

நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்குக்கு வடிவமைப்புப் போட்டி வைத்தபோது, நகரத்துச் சாலைகள் பூங்காவைக் குறுக்கே கடந்தாக வேண்டும் என்பது ஒரு நிபந்தனை. 1858 இல் அந்தப் போட்டியில் வென்ற ஃபிரெடரிக் லா ஓம்ஸ்டெடும் கால்வர்ட் வாக்ஸும் அப்படிக் கடக்கும் நான்கு சாலைகளையும் தரைமட்டத்துக்குக் கீழே பள்ளத்தில் இறக்கிவிட்டார்கள். உள்ளே கோச்சு வண்டிக்கு ஒரு வழி, குதிரைக்கு ஒன்று, நடப்பவருக்கு ஒன்று. வெட்டிக்கொள்ளும் இடங்களில் சின்னச் சின்னப் பாலம். 843 ஏக்கர் பூங்காவில் நடக்கிறவர் பின்னால் மணியடிக்கிற வண்டியைத் திரும்பிப் பார்க்காமல் நடக்கலாம்.

உங்கள் பூங்காவில் பள்ளம் தோண்ட முடியாது. ஆனால் கேட்டை நகர்த்தலாம் தம்பி! எல்லாரும் பாதையைப் பற்றியே பேசுகிறோம், கேட்டை யாரும் தொடுவதில்லை. இரண்டு கேட்டும் ஒரே பக்கத்து ஓரமாக வந்துவிட்டால் அவசரக்காரர் ஓரத்தோடு போய்விடுவார், நடு இடம் பிழைத்துவிடும். வரைபடத்தில் கேட் எங்கெங்கே இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

மார்ச் 12

நேர்ப்பாதை என்றாலே அவசரக்காரருக்கு என்று நான் சொன்ன மாதிரி ஆகிவிட்டது. ஒருவர் பாரிஸின் துய்லரி தோட்டத்தை ஞாபகப்படுத்தினார். ஒப்புக்கொள்கிறேன். 1664 இல் ஆந்த்ரே லெ நோத்ர் அதைத் திருத்தி அமைத்தபோது நடுவில் நீண்ட நேர்ப்பாதை போட்டார். இன்றைக்கும் ஜனங்கள் அதில் அவசரமே இல்லாமல் நடக்கிறார்கள். பாதை அகலம், இரண்டு பக்கமும் வரிசை மரம், போய்ச் சேர ஒரு எண்கோணக் குளம். கண்ணுக்கு முன்னால் ஒரு இலக்கு இருந்தால் நேர்கோடு சலிப்பதில்லை. முனையில் தண்ணீர்த் தொட்டியின் பின்பக்கச் சுவர் இருந்தால் நூறடிகூட நீளம்தான்.

வளைவு வேறு மாதிரி வேலை செய்கிறது. அடுத்தது என்ன என்று கொஞ்சம் மறைத்து வைக்கிறது. சூழல் உளவியலில் ஸ்டீபன் கப்லான், ரேச்சல் கப்லான் இருவரும் இதற்கு மர்மம் என்றே பெயர் வைத்தார்கள்: இன்னும் பத்தடி போனால் இன்னும் கொஞ்சம் தெரியும் என்ற எதிர்பார்ப்பு. ஜப்பானில் நடந்து பார்ப்பதற்கென்றே அமைத்த தோட்டங்களில் இது பழைய கலை. கியோட்டோவின் கட்சுரா தோட்டம் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அந்த மாதிரித் தோட்டத்தில் படிக்கற்களை ஒழுங்கில்லாமல் பதித்திருப்பார்கள். கால் தடுமாறக்கூடாதே என்று தலை தானாகக் குனியும். சில எட்டு தாண்டி ஒரு அகலமான தட்டைக் கல் வரும். அதில் இரண்டு காலையும் ஊன்றி நின்று தலையை நிமிர்த்தினால், எதிரே குளம் திறந்து கிடக்கும். எங்கே பார்க்க வேண்டும் என்று ஒரு பலகையும் வைக்கவில்லை, காலைப் பிடித்து நிறுத்திக் கண்ணைத் தூக்கிவிடுகிறார்கள். இதை யோசித்தவரை நினைத்தால் எனக்குக் கும்பிடத் தோன்றுகிறது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். வெட்டவெளிப் புல்லில், மறைக்க ஒன்றுமே இல்லாத இடத்தில் பாதையை நெளித்தால் நீங்கள் சொன்னதுதான் நடக்கும், எல்லாரும் குறுக்கே வெட்டுவார்கள். பாதை ஏன் விலகிப் போகிறது என்பது நடக்கிறவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஒரு மரம், ஒரு மேடு, ஒரு குட்டை, அடர்ந்த ஒரு புதர். காரணம் தெரிந்தால் கால் கேட்டுக்கொள்ளும்.

மார்ச் 13

"அந்தப் படிக்கல்லில் வயதானவர்கள் எப்படி நடப்பார்கள்?" சரியான கேள்வி. என் அம்மாவால் முடியாது. அம்மாவைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இன்றைக்கு நேரமில்லை.

மார்ச் 19

அம்மாவுக்கு எண்பது நெருங்குகிறது. பூங்காவுக்குத் தினம் வந்துகொண்டிருந்தவர் ஒரு கட்டத்தில் நின்றுவிட்டார். கேட்டால் "முழங்கால்டா" என்பார், அத்தோடு பேச்சு முடிந்துவிடும். நானும் வயசாகிவிட்டது என்று விட்டுவிட்டேன். போன மாதம் வலுக்கட்டாயமாகக் கூட்டிக்கொண்டு போனேன். அவருடைய நடைக்கு என் நடையை வைத்துக்கொண்டு கூடவே எண்ணினேன்.

கேட்டிலிருந்து முதல் பெஞ்சுக்கு 260 எட்டு. தொண்ணூறாவது எட்டில் மதில் மேல் கையை ஊன்றி நின்றார். நூற்று எழுபதில் விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். கம்பம் வெயிலில் சுட்டது, முந்தானையைச் சுற்றிப் பிடித்தார். அந்தப் பிடியைப் பார்த்ததும் எனக்குப் புரிந்தது, அவருக்கு இது பழக்கமான இடம். எத்தனை நாள் தனியாக வந்து இந்தக் கம்பத்தைப் பிடித்து நின்றிருப்பார்! பூங்காவில் பெஞ்சுக்குக் குறைவில்லை. இருபதுக்கு மேல் இருக்கிறது. எல்லாம் நடுவில் நீரூற்றைச் சுற்றி வட்டமாக. வரைபடத்தில் பார்க்க லட்சணமாகத்தான் இருந்திருக்கும்.

ஒற்றையடிப் பாதை பொய் சொல்லாது என்று முதல் நாள் எழுதினேன். வந்தவர்களைப் பற்றி அது பொய் சொல்லாது. வராமல் நின்றுபோனவர்களைப் பற்றி அது எதுவுமே சொல்லாது. அம்மா வராத அத்தனை மாதமும் புல் பச்சையாகத்தான் இருந்தது.

மார்ச் 21

இதையே ஒரு நகரம் முறையாகக் கவனித்திருக்கிறது. 1990களில் வியன்னாவில் பூங்காவுக்கு யார் யார் வருகிறார்கள் என்று பார்த்தபோது, ஒன்பது வயது தாண்டியதும் பெண்பிள்ளைகளின் எண்ணிக்கை சட்டென்று குறைவது தெரிந்தது. பையன்கள் குறையவில்லை. பெண்பிள்ளைகளை யாரும் துரத்தவில்லை. பெரிய ஒரே திடல். இடத்துக்குப் போட்டி வந்தால் அவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். 1999 இல் ஐந்தாம் வட்டாரத்தில் இரண்டு பூங்காக்களை மாற்றி அமைத்தார்கள். நடைபாதைகளைக் கூட்டினார்கள், திடலைச் செடிகொடிகளால் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்தார்கள், வாலிபால், பூப்பந்துக்கு இடம் ஒதுக்கினார்கள். பெண்பிள்ளைகள் திரும்ப வந்தார்கள். பையன்களையும் யாரும் வெளியேற்றவில்லை.

ஏழாம் தேதி நான் திடல் இரண்டாகப் பிளந்ததைக் குற்றமாகச் சொன்னேன், இன்று பிரித்ததைப் பாராட்டுகிறேன். முரண்படுகிறது என்று யாராவது பிடிப்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். அங்கே பிரித்தது ஒவ்வொரு துண்டிலும் ஒரு காரியம் நடக்கட்டும் என்று. நான் பிரித்தது பஸ்ஸுக்காக.

மார்ச் 30

முதல் கேள்வி கேட்ட வாசகர் வரைபடத்தைத் திரும்பப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்: கேட் இரண்டுதான், சுற்றிலும் ஆளுயரச் செடிவேலி. இந்த வேலியை அப்படியே இருக்க விட்டுவிடாதீர்கள்.

நியூயார்க்கின் பிரையன்ட் பார்க் தெருவைவிட உயரத்தில், கம்பியும் வேலிச்செடியும் சூழ்ந்து, வெளியே இருந்து பார்த்தால் உள்ளே ஒன்றும் தெரியாத மாதிரி இருந்தது. போதைப்பொருள் விற்பவர்கள் கைக்குப் போனது. மக்கள் இடங்களை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று வருடக்கணக்கில் உட்கார்ந்து கவனித்த வில்லியம் ஒயிட் சொன்ன யோசனை எளிமையானது: தெருவுக்கும் பூங்காவுக்கும் நடுவே இருக்கிற மறைப்பை எடுங்கள். 1988 இல் மூடி, 1992 இல் திறந்தபோது வேலிச்செடி போயிருந்தது, நுழைவாயில்கள் கூடியிருந்தன. கூடவே நகர்த்தக்கூடிய நாற்காலிகள். ஒயிட் கவனித்த ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்: நாற்காலி நகரும் என்றால், ஜனங்கள் உட்காருவதற்கு முன் அதைக் கொஞ்சமாவது நகர்த்திவிட்டுத்தான் உட்காருகிறார்கள். பழைய இடத்திலேயே திரும்ப வைத்தாலும் சரி.

ஏப்ரல் 6

சக்கர நாற்காலி பற்றிக் கேட்டவருக்கு. பூங்காவை மாற்றச் சொல்லிக் கொடுக்கிற மனுவில் அளவோடு எழுதுங்கள், "வசதியாக இருக்க வேண்டும்" என்றால் யாரும் கணக்கில் எடுக்க மாட்டார்கள். அமெரிக்க அணுகல் விதிகளில் பாதையின் சரிவு 20 அடிக்கு ஒரு அடிக்குமேல் ஏறக்கூடாது. அதைத் தாண்டினால் அது சாய்தளம், 12 அடிக்கு ஒரு அடி என்பது அதன் உச்ச வரம்பு. இரண்டு சக்கர நாற்காலி எதிரெதிரே விலகிப் போக ஒன்றரை மீட்டராவது அகலம் வேண்டும். உதிரி ஜல்லியில் முன்சக்கரம் புதைந்துவிடும். கேட்டில் பைக் நுழையாமல் இருக்க வைக்கிற வளைகம்பியில் நாற்காலியும் நுழையாது. இதை நானே ஒரு தடவை, அம்மாவை உட்கார வைத்துக்கொண்டு, கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று தெரிந்துகொண்டேன். காவலர் பின்பக்கப் பூட்டைத் திறக்க வரும்வரை அம்மா அங்கேயே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் பன்னிரண்டாம் தேதிப் பட்டியலில் ஒன்று விட்டுப்போனது. வளைவுக்கு இன்னொரு நல்ல காரணம் மேடு. அதே உயரத்தை ஏற வளைந்து போகிற பாதை நீளமாகிறது, நீளமானால் சரிவு குறைகிறது. தண்ணீருக்கும் அப்படித்தான். சிங்கப்பூரின் பிஷான் ஆங் மோ கியோ பூங்காவில் 2.7 கிலோமீட்டர் நேரான கான்கிரீட் கால்வாயை 3.2 கிலோமீட்டர் வளைகிற ஆறாக்கி 2012 இல் திறந்தார்கள். வெயில் நாளில் கரைச்சரிவில் இறங்கித் தண்ணீரில் கால் நனைக்கலாம். கனமழை வந்தால் அதே கரை ஆற்றுக்கு, எச்சரிக்கை கேட்டு மேலே ஏறிவிட வேண்டும்.

ஏப்ரல் 14

இன்று காலை ரவுண்டு போகும்போது தோன்றியது. வட்டப் பாதையில் எல்லாரும் ஒரே பக்கமாக நடந்தால், ஒரே வேகம் என்றால், யாரும் யாரையும் பார்க்கவே முடியாது. எதிர்ப்பக்கமாக ஒருவர் நடந்தால் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை சந்திப்பார். ஆறு சுற்றுக்குப் பன்னிரண்டு முறை! முதல் தடவை சிரிக்கலாம், இரண்டாவது தடவை தலையாட்டலாம், ஐந்தாவது தடவை ஒரு வார்த்தை பேசித்தான் ஆக வேண்டும். என் நெருங்கிய நண்பர் ஒருவர் எனக்குக் கிடைத்தது இப்படித்தான். "இடப்பக்கமாக மட்டும் நடக்கவும்" என்று அம்புக்குறி போட்ட பூங்காவில் அவர் எனக்குக் கிடைத்திருக்க மாட்டார்.

மே 2

விளக்கைப் பற்றி. எங்கள் அக்கா மகள் ஆறு மணிக்கு மேல் மூங்கில் பக்கம் போக மாட்டாள். அங்கே விளக்கு நன்றாகத்தான் எரிகிறது. "விளக்கு எனக்கு எதுக்கு மாமா, என்னைத்தான் எல்லாரும் பார்க்கலாம், எனக்கு வெளிய ஒண்ணும் தெரியல" என்றாள். போய் நின்று பார்த்தேன். பளீர் விளக்கின் அடியில் நின்றால் கண் அந்த வெளிச்சத்துக்குப் பழகிவிடும், இருட்டில் இருப்பது மறைந்துவிடும். அதோடு, இரண்டு பக்கமும் மூங்கில், நடுவில் கிளைப்பாதையே இல்லாத நீளம். எதிரே பிடிக்காத ஆள் வந்தால் திரும்பி ஓடுவதைத் தவிர வழியில்லை. நடுவில் ஒரு பிரிவு வேண்டும், புதர் இடுப்புக்குக் கீழே, கிளை தலைக்கு மேலே இருக்க வேண்டும். வளைவு மறைக்கிறது என்று புகழ்ந்தேனே, அதே மறைவு பொழுது சாய்ந்தபின் வேறு ஆகிவிடுகிறது. அதை நான் எழுதும்போது யோசிக்கவில்லை.

விளக்கு என்றதும் ஞாபகம்: சென்ட்ரல் பார்க் விளக்குக் கம்பங்களில் ஒரு எண் இருக்கும். முதல் இலக்கங்கள் பக்கத்தில் இருக்கிற தெருவின் எண். கடைசி இலக்கம் இரட்டைப்படை என்றால் கிழக்கு, ஒற்றைப்படை என்றால் மேற்கு. வளைந்து வளைந்து வழி தவறியவர் தலையை நிமிர்த்தினால் போதும். தம்பி, இது உங்கள் மனுவில் சேர்க்கச் செலவே இல்லாத விஷயம்.

நவம்பர் 9

வாசகர் எழுதியிருக்கிறார். மூன்றாவது கேட் கிடைத்துவிட்டது, அதிலிருந்து மதிலோரமாக நேர்ப்பாதை. செடிவேலியை இடுப்பளவுக்கு வெட்டிவிட்டார்கள். நடுவில் வளைவுகள் குறைந்து, மரங்களைச் சுற்றிப் போகிற ஒன்று மட்டும் நின்றிருக்கிறது. வடக்கு மூலையை ஒரு வருடம் புல்லாகவே விட ஒத்துக்கொண்டார்களாம். எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. கம்பத்து எண் மட்டும் நடக்கவில்லை.

எங்கள் பக்கம்: நீரூற்றைச் சுற்றி இருந்ததில் நான்கு பெஞ்சைப் பெயர்த்துக் கேட்டுக்கும் நடுவுக்கும் இடையே போட வைத்தோம், அறுபது எட்டுக்கு ஒன்று. ஐந்து மாதம் பிடித்தது. அம்மா இப்போது வாரத்தில் நாலைந்து நாள் வருகிறார். முதல் பெஞ்சையும் இரண்டாவதையும் தாண்டி, மரநிழலில் இருக்கிற மூன்றாவதில்தான் உட்காருவார். அங்கிருந்து பார்த்தால் கேட்டில் வருகிறவர்கள் எல்லாரும் தெரிவார்கள்.

நேற்று அவர் எழுந்தபோது பார்த்தேன். செருப்பைக் கழற்றி அவர் கால் வைக்கிற இடத்தில் புல் தேய்ந்து, பெஞ்சுக்கு முன்னால் உள்ளங்கை அகலத்தில் இரண்டு மண்திட்டு. ஜல்லி கொட்டச் சொல்லட்டுமா என்றேன். "வேண்டாம், பெஞ்சைக் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளிப் போடச் சொல்லு, அங்க புல் நல்லா இருக்கு" என்றார். பெஞ்ச் காரை போட்டுப் பதித்தது. திங்கட்கிழமை கேட்டுப் பார்க்கிறேன்.